கசிவு எங்கே என்று காட்டாதவன் எஞ்சினைப் பிரிக்கக்கூடாது

வடக்கு உத்தர வீதி மாமியின் மாருதி 800-ஐப் போன மாதம் அம்மாமண்டபம் சாலையில் பார்த்தேன். பின் கண்ணாடியில் மாமியின் பேரன் ஒட்டிய கிளி ஸ்டிக்கர் பாதி கிழிந்து அப்படியே இருந்தது. இல்லாவிட்டால் எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது. பின் சீட்டை எடுத்துவிட்டு வாழைத்தார் ஏற்றியிருந்தார்கள். ஓட்டி வந்த பையன் டீக்கடை ஓரமாக நிறுத்தி இறங்கினான். மனசு கேட்கவில்லை, கிட்டே போனேன்.

"தம்பி, வண்டி எப்படி ஓடுது?"

"சூப்பரா ஓடுது ஐயா. தினம் மார்க்கெட்டுக்கு ரெண்டு நடை."

"எஞ்சின் வேலை பார்த்தீங்களா?"

"எஞ்சினுக்கு என்ன? ரேடியேட்டர் மூடியும் ஒரு ஹோஸும் மாத்தினதா சொன்னாங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். போன மார்கழியில் இதே வண்டிக்கு 'ஹெட் கேஸ்கெட் போச்சு, எஞ்சினை இறக்கணும், ரீபோர் பண்ணணும், முப்பத்தெட்டாயிரம் ஆகும்' என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் மாமியிடம் சொன்னார்கள். மாமி தயங்கினதும், 'இந்த வண்டிக்கு இதுக்கு மேல செலவு பண்றது வேஸ்ட்டும்மா, நாங்களே எடுத்துக்கறோம்' என்று பதினாலாயிரம் கொடுத்து எடுத்துக்கொண்டார்கள். மாமா ஓட்டின வண்டி. அவர் போன பிறகு வாரம் ஒரு நாள் டிரைவர் வைத்துக்கொண்டு மாமி அதில்தான் டாக்டரிடம் போய்வந்தார். இப்போது ஆட்டோவில் போகிறார்.

இதில் என் பங்கும் உண்டு. அதைச் சொல்லாமல் மற்றவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. விற்பதற்கு முன் மாமி எனக்குப் போன் செய்தார். "நீங்க பொன்மலையில எஞ்சின் பார்த்தவர். ஒரு தடவை வந்து பார்த்துச் சொல்லுங்களேன்" என்றார். வைகுண்ட ஏகாதசிக் கூட்டம், எனக்கு முழங்கால் வலி, சோம்பல். "ஒர்க்‌ஷாப்காரங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மாமி. நான் பார்த்தது ரயில் எஞ்சின், இது கார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் சொன்னது பொய். ரயில் எஞ்சினானாலும் கார் எஞ்சினானாலும் தண்ணீர் கசிவது ஒரே மாதிரிதான், கண்டுபிடிப்பதும் ஒரே மாதிரிதான்.

பொன்மலை ஒர்க்‌ஷாப்பைப் பற்றித் திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்து 1928-இல் தொடங்கின இடம். நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினே புதிதாகச் செய்து அனுப்பின கைகள் அங்கே இருக்கின்றன. என் சர்வீஸில் கடைசி இருபத்திரண்டு வருஷம் டீசல் பக்கம். ஆல்கோ எஞ்சின், பதினாறு சிலிண்டர், 2,600 குதிரைத்திறன். அதற்குள் சுற்றும் தண்ணீர் மட்டும் ஆயிரத்து இருநூறு லிட்டர். அவ்வளவு தண்ணீர் சுற்றுகிற எஞ்சினில் எத்தனை இடத்தில் கசிய முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

'தண்ணீர் குறைகிறது' என்று எழுதி ஒரு லோகோ உள்ளே வந்தால் முதல் நாள் யாரும் ஸ்பேனரைத் தொடக்கூடாது. டார்ச் லைட்டும் காட்டன் வேஸ்ட்டும்தான் கருவி. துடைத்துக் காயவைத்து, தண்ணீர்ப் பாதையில் அழுத்தம் ஏற்றி, எங்கே ஈரம் பூக்கிறது என்று பார்க்க வேண்டும். அப்போதெல்லாம் குரோமேட் கலந்த மஞ்சள் தண்ணீர். கசிந்து காய்ந்த இடத்தில் மஞ்சள் கோடு போட்டிருக்கும், பார்த்ததும் தெரியும். அது உடம்புக்குக் கெடுதல் என்று பிற்பாடு நிறுத்தினார்கள். வாட்டர் பம்பின் வயிற்றில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதில் தண்ணீர் சொட்டினால் தண்ணீர் சீல் போச்சு, எண்ணெய் சொட்டினால் எண்ணெய் சீல் போச்சு. வெளியில் எங்கேயும் ஈரமில்லை, ஆனாலும் தண்ணீர் குறைகிறது என்றால் எஞ்சின் ஆயிலில் ஒரு சொட்டு எடுத்துச் சுட்ட தகட்டில் விடுவோம். சும்மா புகைந்தால் சுத்தம். கடுகு தாளிக்கிற மாதிரி படபடவென்று பொரிந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. அந்தச் சத்தத்துக்கு எதிராக எந்த அதிகாரியும் வாதாட மாட்டார்.

எங்கள் பழைய ஃபோர்மேன் ஒருவர் அதிகம் பேச மாட்டார். புதிதாக வந்தவன் 'லைனர் போயிருக்கும் சார்' என்று ஆரம்பித்தால், "எங்கேன்னு விரல் வச்சுக் காட்டு. அப்புறம் கழட்டு" என்பார். ஏன் அவ்வளவு கறார் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. பிரிக்காத எஞ்சினில்தான் அழுத்தம் இருக்கிறது. அழுத்தம் இருக்கிற வரைக்கும்தான் கசிவு தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஹெட்டைத் தூக்கின நிமிஷம் சாட்சி போய்விட்டது. அப்புறம் மேஜைமேல் பரப்பி வைத்த சாமான்களில் எதைப் பார்த்தாலும் பழுதாகத்தான் தெரியும், ஏனென்றால் பத்து வருஷம் ஓடின எந்தச் சாமானும் புதுசாக இருக்காது. 'பாருங்க சார், எவ்வளவு தேய்ஞ்சிருக்கு' என்று காட்டுவார்கள். தேய்ந்துதான் இருக்கும். கேள்வி அதுவல்லவே. தண்ணீர் எந்த வழியாகப் போச்சு?

இந்தப் பாடத்தை நான் ஆபீஸில் மட்டும் கடைப்பிடித்தேன், வீட்டில் அல்ல. 1988-இல் என்னிடம் மூன்றாம் கை மாறி வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஒன்று இருந்தது, சென்னையில் தயாரான வண்டி. தண்ணீர் குடித்தது. எஞ்சின் தெரிந்தவன் என்ற கர்வத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹெட்டைக் கழற்றிவிட்டேன். கேஸ்கெட் நன்றாக இருந்தது. இருந்தாலும் புதிதாகப் போட்டேன், ஃபேஸ் அடித்தேன், மூட்டினேன். மறுவாரம் திரும்பத் தண்ணீர் குறைந்தது. கடைசியில் பார்த்தால் பிளாக்கில் கைக்கு எட்டாத ஓரத்தில் இருந்த கோர் பிளக், ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய தகர மூடி, உள்ளிருந்து துருப்பிடித்து ஊசித் துளை விட்டிருந்தது. ஓடும்போது சூட்டில் அந்தச் சொட்டு அங்கேயே காய்ந்துவிடும். கீழே ஈரமே இருக்காது. என் அரை மாதச் சம்பளம் போனது. என் வீட்டுக்காரி இன்றைக்கும் தகர டப்பா எதைப் பார்த்தாலும் என்னை ஒரு பார்வை பார்ப்பாள்.

சரி, கார் கதைக்கு வருகிறேன். மாமியின் வண்டிக்கு என்ன செய்திருக்க வேண்டும்?

முதலில் மூடி. ரேடியேட்டர் மூடி வெறும் மூடியல்ல, அது ஒரு ஸ்பிரிங் வால்வு. தலையில் 0.9 என்றோ 1.1 என்றோ எழுதியிருக்கும். அந்த அளவு அழுத்தம் வரைக்கும் தண்ணீரை உள்ளே பூட்டி வைக்கும். சாதாரணமாகத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 0.9 அழுத்தத்தில் பூட்டி வைத்தால் கிட்டத்தட்ட 118 டிகிரி வரை கொதிக்காது. நம் வீட்டுக் குக்கர் கணக்குத்தான். குக்கரில் கேஸ்கெட் தளர்ந்தால் சாதம் வேகாது. இங்கே மூடி தளர்ந்தால் மாம்பழச் சாலை சிக்னலில் கால் மணி நேரம் நின்றதும் 100 டிகிரியிலேயே கொதித்துப் பக்கத்து டப்பா வழியாக வெளியே தள்ளிவிடும். பார்க்கிறவனுக்கு எஞ்சினே வெடித்த மாதிரி இருக்கும். பழுது ஒரு ரப்பர் வளையத்தில்.

இரண்டாவது, அழுத்தச் சோதனை. ராத்திரி முழுக்க ஆறின எஞ்சினில், மூடி இருக்கிற இடத்தில் ஒரு கைப் பம்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கிற அளவுக்குக் காற்றடித்து, முள் இறங்குகிறதா என்று கால் மணி நேரம் பார்க்க வேண்டும். சைக்கிளுக்குக் காற்றடிக்கத் தெரிந்தவன் செய்யலாம். முள் இறங்கினால் எங்கேயோ போகிறது. டார்ச் எடுத்துத் தேட வேண்டும்: ஹோஸ் கிளிப்புக்கு அடியில், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் மடிப்பில், வாட்டர் பம்பின் சின்னத் துளையில், பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ காய்ந்த கோடு எங்கே இருக்கிறது என்று. வெளியில் எங்கேயும் இல்லை, முள் மட்டும் இறங்குகிறது என்றால்தான் உள்ளே சந்தேகப்பட வேண்டும். அப்போதும் உடனே இறக்கிவிடக்கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் தண்ணீர் குடிக்கிற சிலிண்டரின் பிளக் மட்டும் ஆவியில் கழுவின மாதிரி வெளுத்திருக்கும். ஆயில் மூடிக்கு அடியில் மோர் மாதிரி படிந்திருந்தால் அதுவும் ஒரு தடயம், ஆனால் தினம் ஒரு கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற வண்டியிலும் அது இருக்கும், அதை மட்டும் நம்பக்கூடாது. ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கிற நீலத் திரவம் ஒன்று இருக்கிறது. எரிந்த புகை தண்ணீரில் கலந்திருந்தால் மஞ்சளாக மாறிவிடும். இத்தனையும் சேர்ந்து ஒரு வண்டிக்கு ஒரு மணி நேர வேலை.

மாமியின் வண்டிக்கு இதில் ஒன்றுகூடச் செய்யவில்லை. பானெட்டைத் தூக்கினார்கள், ஆவி வந்தது, தீர்ப்புச் சொன்னார்கள். அதிலும் 'ரீபோர்' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்றுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. ரீபோர் என்பது சிலிண்டர் தேய்ந்து ஆயில் குடிக்கிற, நீலப் புகை விடுகிற எஞ்சினுக்கு லேத்தில் செய்கிற வேலை. தண்ணீர் கசிவுக்கும் அதற்கும் என்ன உறவு? பல் வலி என்று போனவனுக்குக் கண்ணில் ஆபரேஷன் என்று சொன்னால் கேட்டுக்கொண்டு வருவோமா?

'காலம் மாறிடுச்சு சார், இப்ப எல்லாம் அசெம்பிளியா மாத்திடறதுதான்' என்கிறார்கள். இந்த வியாதி நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல, புதிதும் அல்ல. ரோட்டரி எஞ்சின் என்று ஒன்று உண்டு. ஃபெலிக்ஸ் வாங்கெல் என்ற ஜெர்மானியர் யோசித்தது, 1957-இல் என்.எஸ்.யூ. கம்பெனியில் முதன்முதலாக ஓடியது. பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, ஹெட்டே இல்லை. நடுவில் இடுப்பு லேசாகச் சிறுத்த ஒரு நீள்வட்டக் குழி. அதற்குள் பக்கம் உப்பின முக்கோணமாக ஒரு இரும்பு ரோட்டார். கிரைண்டர் வருவதற்கு முன் வீட்டில் இருந்த ஆட்டுக்கல்லில் குழவி மையத்தை விட்டு விலகிச் சுற்றுமே, கிட்டத்தட்ட அப்படி. ரோட்டார் ஒரு சுற்றுச் சுற்றினால் தண்டு மூன்று சுற்றுச் சுற்றும். 1967-இல் அந்தக் கம்பெனி ரோ 80 என்று ஒரு அழகான காரை விட்டது. ஆரம்பத்தில் ரோட்டாரின் முனையில் இருக்கிற சீல்கள் சீக்கிரம் தேய்ந்தது உண்மை. அதோடு, கடைகளில் வேலை செய்தவர்களுக்கு அந்த எஞ்சின் புரியவும் இல்லை. கம்பெனியும் தாராளமாக வாரண்ட்டியில் எஞ்சின் எஞ்சினாக மாற்றிக் கொடுத்தது. கையிருப்புக் கரைந்து, 1969-இல் ஃபோக்ஸ்வாகனிடம் போய்ச் சேர்ந்தது. குறையைச் சரி செய்தபோது பெயர் கெட்டுப்போயிருந்தது. ஜப்பானில் மாஸ்டா கம்பெனி அதே எஞ்சினை எடுத்துப் பொறுமையாகக் குறை ஒவ்வொன்றாகத் தேடித் தீர்த்து, 1991-இல் பிரான்ஸ் லே மான்ஸ் இருபத்துநாலு மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்துக் காட்டியது.

இதெல்லாம் எனக்கு ஏன் தெரியும் என்றால், மெல்போர்னில் இருக்கும் என் தங்கை மகன் புண்ணியம். பழைய மாஸ்டா ஆர்.எக்ஸ்.-8 ஒன்றை மலிவாக வாங்கிவிட்டுப் போன வருஷம் கூப்பிட்டான். "மாமா, தண்ணி குறையுது. கீழே ஒரு சொட்டு இல்லை. இங்க எல்லாரும் முனை சீல் போச்சு, எஞ்சினைத் தூக்கிப் போடுன்னு சொல்றாங்க." அதே கதை, ஊர் மட்டும் வேறு. நான் ரோட்டரி எஞ்சினைக் கண்ணால் பார்த்தவன் இல்லை. ஆனால் முனை சீல் தேய்ந்தால் கம்ப்ரஷன் போகும், இழுவை போகும். தண்ணீர் எதற்குக் குறைய வேண்டும்? "முதல்ல எங்கேன்னு பாருடா" என்றேன்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகை வருகிறதா? வருகிறது. தித்திப்பு வாசனை? ஆமாம். கூலண்டில் இருக்கும் கிளைக்காலின் வாசனை அது. அழுத்தச் சோதனையில் முள் மெதுவாக இறங்கியது, வெளியில் ஈரமில்லை. ராத்திரி அழுத்தம் ஏற்றி விட்டுவிட்டுக் காலையில் பிளக்குகளைக் கழற்றி ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னேன். முன் ரோட்டாரின் பிளக் துளையிலிருந்து பன்னீர் தெளித்த மாதிரி தண்ணீர் வந்தது. பின் ரோட்டாரில் இல்லை. இதற்கு மூன்று வாரக் கடைசி ஆயிற்று. அவனுக்குக் காலை பத்து மணி என்றால் எனக்கு விடிந்திருக்காது. கோயிலில் விஸ்வரூபம் ஆவதற்கு முன்னால் இங்கே போன் அடித்துவிடும். "தூங்குகிற மனுஷனை எழுப்பிக் காருக்கு ஜாதகம் பார்க்கிறான்" என்று என் வீட்டுக்காரி முணுமுணுப்பாள்.

இப்போது பிரிக்கலாம் என்றேன். அந்த எஞ்சின் அடுக்குத் தூக்கு மாதிரி. இரும்புத் தட்டு, அலுமினிய அறை, இரும்புத் தட்டு, அலுமினிய அறை, இரும்புத் தட்டு என்று அடுக்கி நீளமான போல்ட்டுகளால் இறுக்கியிருக்கும். அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் ஓடும். அதை வெளியே விடாமல் காப்பது ஒவ்வொரு இணைப்பிலும் இருக்கிற ரப்பர் வளையங்கள். பிஸ்டன் எஞ்சினில் ஒரே இடத்தில் குளிர்ந்த காற்றும் நெருப்பும் மாறி மாறி வரும். இதிலோ நெருப்பு எப்போதும் ஒரே பக்கம், குளிர்ந்த காற்று எப்போதும் எதிர்ப் பக்கம். ஒரு பக்கம் விரிந்து இழுக்கும், மறு பக்கம் சும்மா இருக்கும். ஒரே ஒரு முறை கொதிக்கவிட்டால் போதும், அந்த ரப்பர் காய்ந்த நாரத்தங்காய் மாதிரி விறைத்துவிடும்.

திறந்து பார்த்தபோது முன் பக்கம் ஒரு இரும்புத் தட்டில், வளையம் உட்காருகிற பள்ளத்தின் மெல்லிய சுவர் துருப்பிடித்து ஒரு விரற்கடை அளவுக்கு இல்லாமலே போயிருந்தது. முன்னால் வைத்திருந்தவன் கூலண்ட் போடாமல் வெறும் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். எங்கே கசிகிறது என்று முன்பே தெரிந்ததால்தான் அந்த இடத்தை விளக்குப் பிடித்துப் பார்த்தோம். பார்க்காமல் புது வளையம் மட்டும் போட்டு மூட்டியிருந்தால் ஆறு மாதத்தில் திரும்பக் கசிந்து, 'ரோட்டரியே இப்படித்தான்' என்று பழி அந்த வாங்கெல் தலையில் விழுந்திருக்கும். அந்தத் தட்டை மட்டும் நல்லதாக வேறொன்று வாங்கினான். எஞ்சினை நிமிர்த்தி நிற்கவைத்து, வளையங்கள் பள்ளத்தை விட்டு நழுவாமல் இருக்க வாசலின் தடவி உட்காரவைத்து, ஒவ்வொரு அடுக்காக இறக்கி, போல்ட்டுகளைச் சொன்ன வரிசையில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் மூன்று தவணையாக இறுக்கினான். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன். இரண்டு மாதம் சனி, ஞாயிறு. இன்றைக்கும் ஓடுகிறது.

நம் பக்கம் எஞ்சினை மூட்டுகிற லட்சணத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மாருதி மாதிரி அலுமினிய ஹெட் கொதித்தால் வளையும். நேர்க்கம்பியை வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தால் நூறில் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. அதைப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? எமரித் தாளால் கையாலே தேய்த்து, இரண்டு பக்கமும் கம் பூசி, டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கணக்கில் முறுக்கி விடுகிறார்கள். இறுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, தளர்த்தும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு என்ற அரிச்சுவடிகூட இல்லை.

இன்னொன்று, தெர்மோஸ்டாட். 'நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்' என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். வெளிநாட்டுக் குளிருக்கு வைத்தது என்று நினைப்பு. எஞ்சின் சுமார் 80, 90 டிகிரியில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. அதற்குக் கீழே ஓடினால் பெட்ரோல் குடிக்கும், ஆயிலில் சேறு படியும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதுதான் சுற்றுவழி மூடும். அதை எடுத்துவிட்டால் பாதித் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்பி வரும். சூடு குறைய எடுத்தது சூட்டைக் கூட்டும். போர் தண்ணீரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிகிற வெள்ளைப் பாறைதான் எஞ்சினுக்குள்ளும் படிகிறது.

இனி சொல்லப் போவது உங்களுக்கும் எனக்கும். மெக்கானிக்கை மட்டும் திட்டினால் பாதி நியாயம்தான். எனக்குத் தெரிந்த ஒரு நல்ல மெக்கானிக் பாலக்கரைப் பக்கம் இருக்கிறார். அவரிடம் இதையெல்லாம் சொல்லிச் சண்டை போட்டேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டார். "ஐயா, நேத்து ஒரு வண்டி. ஒண்ணரை மணி நேரம் படுத்துத் தேடினேன். ஒரு கிளிப் தளர்ந்திருந்தது. முறுக்கிவிட்டேன். ஐந்நூறு ரூபாய் கேட்டேன். 'ஒரு கிளிப்பை முறுக்க ஐந்நூறா'ன்னு நூறு ரூபாயை விட்டெறிஞ்சுட்டுப் போனாரு. நாலாயிரம் ரூபாய்க்கு வாட்டர் பம்ப் மாத்தினேன்னு சொல்லியிருந்தா சிரிச்சுக்கிட்டே கொடுத்திருப்பாரு" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. சாமானுக்குப் பணம் கொடுப்போம், கண்டுபிடித்ததற்குக் கொடுக்க மாட்டோம். டாக்டர் நாடி பார்த்து 'ஒன்றுமில்லை, மருந்து வேண்டாம்' என்றால் ஃபீஸ் கொடுக்கத் தயங்குகிற ஜாதி நாம். யோக்கியமாகத் தேடுகிறவன் பட்டினி கிடக்கிறான், இறக்கிவைத்துப் பிரிக்கிறவன் இரண்டாவது ஷெட் போடுகிறான். அதற்காக மாமியிடம் செய்ததை மன்னிக்கச் சொல்லவில்லை. அது திருட்டு. ஆனால் அந்தத் திருட்டுக்குக் கதவைத் திறந்து வைத்தவர்களில் நூறு ரூபாயை விட்டெறிந்த அந்த ஆசாமியும் உண்டு, போனை வைத்துவிட்ட நானும் உண்டு.

ஆகவே, உங்கள் வண்டி கொதித்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும். குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் முதல் வாக்கியமாக, 'கசிவு எங்கேன்னு காட்டுங்க, காட்டறதுக்குத் தனியாப் பணம் தர்றேன்' என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கொடுக்கவும் கொடுங்கள். காட்டாமல் 'இறக்கணும்' என்றால் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டாவது வந்துவிடுங்கள். மாற்றின பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் மாற்றவில்லை என்று அர்த்தம்.

நான் ஒரு கைப் பம்பும் அளவு முள்ளும் வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். யார் வண்டியானாலும் பார்த்துச் சொல்கிறேன், காசு வேண்டாம். முந்தின ராத்திரி ஓட்டியிருக்கக்கூடாது, எஞ்சின் ஜில்லென்று இருக்க வேண்டும். போன வாரம் மூன்று வண்டி வந்தது. ஒன்றில் மூடி, ஒன்றில் ஹோஸ். மூன்றாவது நிஜமாகவே ஹெட் கேஸ்கெட், பாலக்கரைக்காரரிடம் அனுப்பினேன்.

மாமி இதையெல்லாம் படிக்கிறவர் இல்லை. படிக்கிறவர்கள் யாராவது உத்தர வீதிப் பக்கம் போனால் வாழைத்தார் ஏற்றின வண்டியைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். இரண்டு தடவை வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்திருக்கிறேன். நானே சொல்லிக்கொள்கிறேன்.